நெற்றிக்காசு

சணல் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்ததும் பையின் வாய் திறந்துகொண்டது, சில்லறை பழைய போர்வையின்மேல் கொட்டிப் பரவியது, தாணுமூர்த்தி இரண்டு உள்ளங்கைகளாலும் அதை மெல்லத் தள்ளித் தள்ளி ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையை நிறுத்தினார். சாம்பல் நிறக் காசுகளுக்கு நடுவில் ஒன்று வெள்ளையாக இருந்தது. எடுத்துக் காதோரம் வைத்து நகத்தால் சுண்டினார். எஃகுக் காசு சட்டென்று அடங்கிவிடும். இது அடங்காமல் ஒரு மூச்சு நேரம் ஒலித்தது. ஐஸ்கட்டி கொண்டுவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். செண்பகவடிவு ஒரு கட்டியைக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை அவர் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். காசின்மேல் வைத்த ஐஸ், வைத்த கையை எடுப்பதற்குள் இளகி வழிந்தது. வெள்ளிதான். ஆனால் காசில் இருந்தது போன வருஷத்து எண், கடைகளில் இப்போது புழங்கும் அதே ஒரு ரூபாய். அரசாங்கம் அப்படியொரு வெள்ளிக் காசை அடித்ததே இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. காசின் ஒரு பக்கத்தில் காய்ந்த சந்தனமும், அதற்கடியில் வெங்காயச் சருகுபோல மெலிந்த ஏதோ ஒன்றும் ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டி, விரல்களுக்கிடையில் உருட்டி, ஜன்னலுக்கு வெளியே சுண்டிவிட்டு, காசைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடினார்.

மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஏற்பட்ட பழக்கம் இது. திங்கட்கிழமை வங்கிக்குப் போய் நோட்டைக் கொடுத்து ஒரு பை சில்லறை வாங்கிவருவார், அதில் வெள்ளி ஏதும் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு காசாகப் பார்ப்பார், அடுத்த திங்களன்று அந்தப் பையை வங்கியில் திருப்பிக் கட்டிவிட்டு வேறு பை எடுத்துவருவார். சில்லறையை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பதால் காசாளருக்கு அவர் வந்தாலே சந்தோஷம். வீட்டுப் பெட்டியில் கிடந்ததை யாரோ கோயில் உண்டியலில் போட்டிருப்பார்கள், ராஜா தலை பொறித்த அரை ரூபாயோ கால் ரூபாயோ எப்போதாவது கிடைக்கும். வருஷக்கணக்கில் தேடியும் புட்டியின் அடி நிறையவில்லை. மீன் செதில், வெற்றிலை எச்சில், குங்குமம், இட்லி மாவு, அக்குள் வியர்வை என்று ஊரில் உள்ள எல்லாருடைய அழுக்கும் அந்தப் போர்வையில் வந்து சேர்ந்தது. ஒட்டிக்கொண்ட காசுகளைப் பிரிப்பதற்கு அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அதைப் பார்த்த நாளிலிருந்து செண்பகவடிவு அவருக்குக் கரண்டியை உயரப் பிடித்துச் சோறு போட்டாள், அவர் குடித்த தம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்தாள், தூக்கத்தில் அவர் கை மேலே பட்டால் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படுத்தாள். அவர் இதில் எதையும் கவனித்ததில்லை.

அடுத்தடுத்த பைகளிலும் வெள்ளைக் காசுகள் வந்தன. எல்லாவற்றிலும் சந்தனம் இருந்தது. அந்தப் பைகள் எங்கிருந்து வருகின்றன என்று காசாளரைக் கேட்டார். மயானத்துக்குப் போகும் சாலையில் உள்ள டீக்கடைக்காரர் கட்டிய சில்லறை என்றார் காசாளர். டீக்கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உச்சிமாகாளியைக் கைகாட்டினார். உச்சிமாகாளி மயானத்தில் தீ வைக்கும் வேலை செய்பவர். அவர் ஒளிக்காமல் சொன்னார். வீட்டில் பிணத்தைக் கிடத்தியதும் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒரு ரூபாய் ஒட்டுகிறார்களே, அது மயானத்துக்கு வந்தால் எனக்கு. அது போன ஆடியிலிருந்து வெளுத்துக்கொண்டுதான் வருகிறது. அரசாங்கம் காசை மாற்றிவிட்டதாக்கும் என்று நினைத்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

இந்த விஷயத்தைத் தாணுமூர்த்தி சிமெண்ட் கடை பட்டமுத்துவிடம் சொன்னார். தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்துபவர் பட்டமுத்து. அவருடைய பெரியம்மா அந்த வாரமே இறந்துபோனாள். பட்டமுத்து வழக்கமான நெற்றிக்காசோடு கன்னத்திலும் ஒன்று வைத்துப் பார்த்தார். பாடை கட்டி முடிப்பதற்குள் இரண்டும் வெளுத்துவிட்டன. அவர் இரண்டையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, நெற்றியில் வேறு ஒரு காசை ஒட்டி உச்சிமாகாளிக்கு அனுப்பினார்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. மழை பெய்தால் ஏரியில் மீன் பிடிக்கப் போவதுபோலப் போனார்கள். முதலில் நெருங்கிய சொந்தக்காரர்கள் மட்டும், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி குனிந்து முழங்காலில் ஒரு காசை வைத்தார்கள்; பிறகு வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்; பிறகு பக்கத்துத் தெருக்காரர்கள், பெயர்கூடத் தெரியாதவர்கள், பேருந்து மாறிப் போகிற வழியில் பறைச் சத்தம் கேட்டு இறங்கியவர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். துணிக்கு மேல் வைத்தால் காசு மாறவில்லை, தோலில் படவேண்டும் என்று கண்டுகொண்டதும் மாலை போடுவதை நிறுத்தினார்கள். கோடித்துணி போர்த்துவதை நிறுத்தினார்கள். இடுப்பில் ஒரு துண்டு மட்டும் இருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்த உடம்பில் காசு மாறுவதில்லை என்றும் தெரிந்ததால் ஐஸ் பெட்டியை வாடகைக்கு எடுப்பதையும் நிறுத்தினார்கள், வெளிநாட்டிலிருந்து மகன் வரவேண்டிய வீடுகளில்கூட. சாம்பிராணிப் புகை போட்டார்கள். ஈ வந்தது. வீங்கிய உடம்பில் பரப்பு கூடுகிறது என்று ஒருவர் சொன்னபோது யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. எடுக்கிற நேரத்தில் காசுகளைப் பிய்க்கிற சத்தம், ஈர மரத்திலிருந்து பட்டை உரிப்பதுபோல ஒரு சின்னப் பிசுபிசுப்பான சத்தம், ஒப்பாரிக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கும். ஒப்பாரி வைக்கிறவர்களும் ஒரு கண்ணைத் தங்கள் காசின்மேல் வைத்துக்கொண்டுதான் பாடினார்கள். உடம்புகள் வட்டம் வட்டமான தழும்போடு மயானத்துக்குப் போயின. உச்சிமாகாளி ஒன்றும் கேட்கவில்லை. கூலியைக் கூட்டித் தரச் சொன்னார். தந்தார்கள்.

சண்டை வந்ததால் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு முறை வைத்தார்கள். நெற்றி மகனுக்கு. இமைகள் மருமகன்களுக்கு. கன்னம் தாய்மாமன் வீட்டுக்கு, மார்பு பங்காளிகளுக்கு, வயிறு சம்பந்தி வீட்டாருக்கு, கைகால்கள் தெருவுக்குப் பொது. பெண் இறந்தால் சேலையை மறைப்பாகக் கட்டிப் பெண்கள் மட்டும் வைக்கவேண்டும். செத்தவர்களைக் குப்புறப் போடுவது பாவம் என்று முதுகை யாருக்கும் ஒதுக்கவில்லை. சில மாதம் கழித்து, குளிப்பாட்டும்போது திருப்பத்தானே செய்கிறோம் என்று ஒருவர் எழுந்து கேட்டதில் முதுகையும் சேர்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் கேசரியும் காபியும் கொடுத்தார்கள்.

வங்கியில் காலையிலேயே சில்லறைக்கு வரிசை நின்றது. பருத்த உடம்புக்காரர்கள் இறந்தால் மேனி உள்ள மனுசன் என்று பாராட்டினார்கள். எலும்பும் தோலுமாக இருந்த முதியவர்களுக்கு வீட்டில் நெய் ஊற்றினார்கள். வெள்ளியைப் பத்தர் கடையில் கொடுத்தார்கள். உருக்கும்போது மயிர் பொசுங்குகிற நாற்றம் வருகிறது என்று பத்தர் முதல் நாள் தயங்கினார், அப்புறம் பட்டறையில் பெரிய மின்விசிறி ஒன்று மாட்டிக்கொண்டார். அந்த வெள்ளியில் கொலுசு செய்தார்கள், அரைஞாண் செய்தார்கள், குழந்தைகளுக்குப் பால் புகட்டப் பாலாடை செய்தார்கள். மேலத் தெருவில் பேர்கூட வைக்காத ஒரு குழந்தை இறந்தபோதும் போனார்கள். அந்த நெற்றியில் ஒரு ரூபாய் நிற்கவில்லை. பழைய சின்னப் பத்துப் பைசா யாரிடமாவது இருக்குமா என்று கேட்டு ஒருவர் வீடு வீடாகப் போனார்.

தாணுமூர்த்தியை எல்லாத் துக்க வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். காசு முழுக்க மாறிவிட்டதா, பாதியில் நிற்கிறதா என்று தொடாமலே சொல்லக்கூடிய கண் அவருக்கு மட்டும் இருந்தது. பிணத்தின் தலைமாட்டில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்பார், அல்லது எடுக்கலாம் என்பார். அவர் காசு வைத்ததில்லை, யாரிடமும் எதுவும் வாங்கியதும் இல்லை. ஊர் தன் சொல்லுக்குக் காத்திருக்கிறது என்பது போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நன்றாகச் சாப்பிட்டார். அவர் மோரில் சோற்றைப் பிசைவதைப் பார்க்க முடியாமல் செண்பகவடிவு பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

பின்கட்டு அறையில் அவளுடைய அண்ணன் குற்றாலிங்கம் படுத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தனியார் பேருந்தில் நடத்துநராக இருந்தவர், சர்க்கரை முற்றியதும் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கால் விரல்கள் கறுத்துச் செத்துவிட்டன. கணுக்காலோடு எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதற்கு, ஏறும்போது ரெண்டு காலோட ஏறினேன், எறங்கும்போதும் ரெண்டோடயே எறங்குதேன் என்று சொல்லிவிட்டார். செண்பகவடிவு தினமும் காலையில் அந்தக் காலைக் கழுவி, மருந்து வைத்து, பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டுவாள். அந்த நாற்றம் அவளுக்கு அருவருப்பாக இல்லை.

அவர் அதிக நாள் இருக்கமாட்டார் என்று தெரிந்ததும் தெரு அவர்மேல் பிரியமாகிவிட்டது. இளநீர் வந்தது. ஆரஞ்சு வந்தது. சர்க்கரை நோயாளி என்று தெரிந்தே அல்வா வந்தது. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் சாயங்காலம்தோறும் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொண்டே முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டுவரை தோலை நீவிப் பார்த்தாள். குற்றாலிங்கத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நெத்தியில எடமிருக்கான்னு கேக்க வந்தியா மதினி, ஸ்டாண்டிங்தான் இருக்கு என்றார். ஆவுடையம்மாள் சிரித்தாள். கையை விடவில்லை.

ஒருநாள் முன்னறையில் பேச்சுக் குரல் கேட்டு செண்பகவடிவு கதவோரம் நின்றாள். பட்டமுத்துவும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். குற்றாலிங்கத்துக்கு மகனும் இல்லை, மருமகனும் இல்லை, ஊர் வைத்த முறை அவருக்குப் பொருந்தாது, ஆகையால் இப்போதே பேசி முடித்துக்கொள்வது நல்லது என்று தாணுமூர்த்தி நிலம் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டிருந்தார். நெற்றி பட்டமுத்துவுக்கு. கண் இரண்டும் ஆவுடையம்மாள் வீட்டுக்கு. வயிறு யாருக்கு என்பதில் நின்றது. அவர்கள் போனபிறகு, உயிரோடு இருக்கிற மனிதரைப் பங்கு போடுகிறீர்களே என்று அவள் கேட்டாள். இப்பமே பேசி வச்சா அன்னைக்குச் சண்டை வராது பாரு என்றார் தாணுமூர்த்தி. அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை.

குற்றாலிங்கம் அதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். தங்கையைக் கூப்பிட்டு அருகில் உட்காரச் சொன்னார்.

"வடிவு, செத்த பொறவு என் மேல ஒருத்தனும் கை வைக்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

எப்படி முடியும் என்று அவள் கேட்டாள். மனிதர்கள் திரண்டு வந்தால் ஒருத்தி என்ன செய்யமுடியும், கதவைப் பூட்டினால் உடைப்பார்கள், வெளியூருக்குக் கொண்டுபோகலாம் என்றால் அந்தக் கால் தாங்காது.

"நான் செத்துட்டேன்னு இப்பமே போய்ச் சொல்லு. வரட்டும். எல்லாவனும் டிக்கெட் எடுத்து உக்காரட்டும். வண்டி நகராதுன்னு தெரிஞ்சா தானா எறங்கிருவானுவ. பொறவு நெசமாவே சாவும்போது இவன் ஒடம்புல ஒண்ணும் ஆவாதுன்னு ஒருத்தனும் வரமாட்டான்."

உயிரோடு இருப்பவரை இறந்ததாகச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அப்படிச் சொன்னால் அப்படியே ஆகிவிடும் என்று பயந்தாள். முடியாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் காலையில் கஞ்சியோடு அவள் அறைக்குள் வந்தபோது குற்றாலிங்கம் தூங்கிக்கொண்டிருந்தார், ஆவுடையம்மாள் தன் இரண்டு விரல்களை விரித்து அவருடைய இமைகளின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள். செண்பகவடிவு கஞ்சியை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஆவுடையம்மாள் போனதும் அண்ணனை எழுப்பி, சரி என்றாள். கஞ்சி குடிக்க வைத்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்துத் தலைவிரி கோலமாக வாசலில் போய் நின்றாள். அழக்கூட இல்லை. அவ்வளவே போதுமாக இருந்தது.

உலையில் அரிசி கொதித்து அடங்குகிற நேரத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. குற்றாலிங்கத்தை முன்னறைக்குத் தூக்கிவந்து தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். சட்டையைக் கழற்றினார்கள். துணியைக் கிழித்து, தாடை தொங்காமல் வாயைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சிட்டார்கள். கால் கட்டுவதற்காக இடது காலின் சுற்றுத்துணியை அவிழ்த்தார்கள், நாற்றம் வந்ததும் அவிழ்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டாமலே விட்டுவிட்டார். குற்றாலிங்கம் கண்ணை மூடி மூச்சைச் சிறிதாக்கிக் கிடந்தார். பட்டமுத்து நெற்றியில் சந்தனம் வைத்துத் தன் காசை ஒட்டினார். ஆவுடையம்மாள் இமைகளில் வைத்தாள். பேசி வைத்த முறைப்படியே கன்னங்களிலும் மார்பிலும் தோள்களிலும் வைத்தார்கள். வயிற்றுக்கு மட்டும் கொஞ்சம் தள்ளுமுள்ளு நடந்தது.

அப்போது தாணுமூர்த்தி வங்கியிலிருந்து பையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வழி விட்டார்கள். தலைமாட்டில் நாற்காலி போட்டார்கள். அவர் மச்சானின் மார்பைப் பார்த்தார். அங்கே இருந்த காசுகள் மெல்ல உயர்ந்தன, மெல்லத் தாழ்ந்தன, மறுபடி உயர்ந்தன. தாணுமூர்த்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு பையை அவிழ்த்து, காசு கொண்டுவராதவர்களுக்கு எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

மற்றவர்களும் பார்க்காமல் இல்லை. மார்பிலிருந்து ஒரு காசு சரிந்தது. அதற்கு உரியவர் எடுத்துத் திரும்ப வைத்து, சரியாமலிருக்க ஒரு விரலால் அழுத்திக்கொண்டார். வயிற்றுக்காசுகள் ஏறி இறங்கின. அது வயித்துக் காத்து, தானா அடங்கிரும் என்று பட்டமுத்து சொன்னார், ஆமாம் என் மாமனாருக்குக்கூட அப்படித்தான் இருந்தது என்றார் இன்னொருவர். வெயில் ஏறியது. குற்றாலிங்கத்தின் உடம்பில் வியர்வை அரும்பி, காசுகள் வழுக்கின. பெண்கள் முந்தானையால் வியர்வையை ஒற்றியெடுத்துக் காசுகளைத் திரும்ப நிறுத்தினார்கள். இடது இமையின் காசு நழுவி விழுந்தபோது குற்றாலிங்கம் கண்ணைத் திறந்தார். மேலே குனிந்திருந்த முகங்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல முயன்றார், தாடைக்கட்டு இறுகியிருந்ததால் தொண்டையிலிருந்து உறுமல் மட்டும் வந்தது. ஆவுடையம்மாள் நடுவிரலால் அவர் இமையை மேலிருந்து கீழாக மென்மையாக மூடி, காசை அதன்மேல் வைத்து, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

செண்பகவடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்கண்ணன் உசுரோட இருக்காவ" என்றாள்.

யாரும் திடுக்கிடவில்லை. பட்டமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார், சிறுபிள்ளையிடம் பேசுகிற அதே பொறுமையோடு சொன்னார்.

"இருக்கட்டும் தாயி. நாங்க என்ன எரிக்கவா வந்திருக்கோம். கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

அவள் கணவனைப் பார்த்தாள். தாணுமூர்த்தி பட்டமுத்துவின் காசைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் மாறல என்றார்.

வண்டி நகராவிட்டால் இறங்கிவிடுவார்கள் என்று அண்ணன் சொன்னதை நம்பி அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவர்கள் இறங்கவில்லை. உட்கார்ந்திருந்தார்கள். மாறி மாறிச் சாப்பிடப் போய்வந்தார்கள், போகும்போது காசுக்குப் பக்கத்தில் இருப்பவரைக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். பகல் உச்சியைத் தாண்டிக் கடைசியாகப் பால்காரி கோமதி வந்தாள். எங்கும் இடமில்லாததால் கால்மாட்டுக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு காசை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். மூச்சு அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் மூக்கை மூடிப் பார்த்தால் என்ன என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செண்பகவடிவு சுவரை விட்டு வந்து அண்ணனின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்துத் தாடைக்கட்டை எடுத்தாள். அடுப்படியிலிருந்த ஆறிய கஞ்சியைத் தானே எழுந்துபோய்க் கொண்டுவர முடியாது, எழுந்தால் அந்த இடம் போய்விடும். ஆகையால் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரைப் பெயர் சொன்னது அதுதான் முதல் தடவை. தாணுமூர்த்தி எழுந்துபோய்க் கஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஊட்டினாள், குற்றாலிங்கம் விழுங்கினார், விழுங்கும்போது தொண்டைக் குழியில் இருந்த காசு உருண்டு கீழே விழுந்து வட்டமிட்டு அடங்கியது.

அதற்குமேல்தான் கூட்டம் கலைந்தது. இந்த ஆள் ஒடம்பு சரியில்ல, கண்ட மருந்தும் தின்னு தோலே செத்த தோலாட்டம் இல்ல என்று பட்டமுத்து தீர்ப்புச் சொன்னார். இனி எப்போது போனாலும் இங்கே வருவது வீண் என்று மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். காசுகளைப் பொறுக்கினார்கள். எது யாருடையது என்று இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவது வழக்கமில்லை என்பதால் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரைத் தாண்டி ஒவ்வொருவராக வெளியேறி, வாசல் குழாயடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்துத் தீட்டுக் கழித்தார்கள். கால்மாட்டுக் காசை எடுத்துவரும்படி ஒருவர் கோமதியிடம் சொன்னபோது, அந்த நாத்தத்துல எவ போவா, கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் ஈரத் தலையோடு நடந்தாள். பட்டமுத்து மட்டும் இன்னும் குழாயடியில் நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அங்கிருந்து முன்னறை முழுக்கத் தெரியும்.

குற்றாலிங்கத்தின் உடம்பு முழுக்கச் சிவந்த வட்டங்கள். கஞ்சியில் உப்பு போடவில்லை என்று தங்கையிடம் முணுமுணுத்தார். தாணுமூர்த்தி கீழே சிதறிய சில்லறையைப் பைக்குள் அள்ளிக்கொண்டே வந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். அவர் பார்வை போன இடத்துக்குச் செண்பகவடிவின் பார்வையும் போனது. இடது காலின் கறுத்த பெருவிரல்மேல் கோமதி விட்டுப்போன காசு பளிச்சென்று வெளுத்திருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பட்டமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார், மிதியடியைத் தேடினார்.

செண்பகவடிவு அண்ணனின் தலையை மெல்லத் தலையணைக்கு மாற்றிவிட்டு அவர் காலடியில் போய் உட்கார்ந்தாள். அவிழ்ந்து கிடந்த வேட்டித் துணியை எடுத்து, குதிகாலிலிருந்து தொடங்கி, பாதத்தைச் சுற்றி, விரல்களையும் காசையும் சேர்த்து அழுத்தமாகச் சுற்றிக்கொண்டுபோய், கணுக்காலில் முடிச்சுப் போட்டாள்.